புஷ், பால் ஜாயிண்டோடு வரும் லோயர் ஆர்ம் செட்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இழுக்கும். ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையத்தில், கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். ரப்பர் சுற்றிலும் கிழிந்து, நடுவில் இருக்கும் இரும்புக் குழல் தனியாக ஆடியது.

புஷ்ஷை மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற, அழுத்தும் கருவியான பிரஸ் வேண்டும். அது என்னிடம் இல்லை. அதனால் இரண்டு புஷ்ஷும், சக்கரப் பக்கம் ஆர்மை இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டும் பொருத்தியே வரும் முழு ஆர்மை இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன். வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பொருள் நல்ல பொருள். பழையதையும் புதியதையும் தரையில் ஒட்டிவைத்துத் துளைகளை ஒப்பிட்டேன், அப்படியே பொருந்தின. புது பால் ஜாயிண்டை விரலால் அசைக்கவே முடியவில்லை. பழையது விட்ட பக்கம் தொங்கியது. ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாத லாக் நட்டுகளையும் புதிதாகக் கூடவே வைத்திருந்தார்கள்.

எனக்குள்ள பெரிய குறை, பெட்டியில் இருந்த தாள். படம் இருக்கிறது, முக்கியமான விஷயம் இல்லை. புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக முறுக்கவே கூடாது. அப்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்குழல் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய துணி மாதிரி எப்போதும் திருகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். புது புஷ் சில மாதத்தில் போய்விட்டது என்று பலர் பொருளைத் திட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான் போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைத் தாங்கிய ஸ்டாண்டை எடுக்காமல், ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் இன்னொரு ஜாக் கொடுத்து வண்டியின் பாரம் அதில் இறங்கும்வரை உயர்த்தினேன். அப்புறம்தான் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சை எடுத்தேன். முறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கத்துக்கு நாலு மணி நேரம் ஆனது. அதில் பாதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் துருப்பிடித்து நின்ற ஒரே போல்ட்டுக்குப் போனது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்திருக்க வேண்டும். வலது பக்கம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

எட்டு மாதம் ஆகிறது. சத்தம் போனது போனதுதான், பிரேக் பிடித்தாலும் வண்டி நேராக நிற்கிறது. வெல்டிங் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிறது. மாட்டும் முன்பே அங்கே ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்த அன்றைக்கே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், அதற்குள் ஸ்டீயரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.