அம்மாவின் காலில் ஆறாத புண்

ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து கும்பகோணம் போனது மூன்று வாரம் அம்மாவோடு இருக்கத்தான். போன அன்றே அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றார். இடது செருப்பு தெருவிலேயே கழன்று கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. புடவையைச் சற்றுத் தூக்கச் சொல்லிப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே ரூபாய் நாணயம் அளவுக்குக் குழிப்புண். ஏழு வாரமாகப் பக்கத்து கிளினிக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாராம். போனில் கேட்டபோதெல்லாம் "சின்னப் புண்ணுடா, ஆறிடும்" என்றுதான் சொன்னார்.

அம்மாவுக்கு 16 வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகளை அழற்சி தாக்கும் ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். மூட்டு வலி அடங்கிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியாது. மறுநாள் நானும் கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் சீக்கிரம் வந்தது, சிஸ்டர் பொறுமையாகக் கட்டுப் போட்டார். சர்க்கரை பார்த்தார்கள், நார்மல். திரும்பவும் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். சர்க்கரை இல்லாதவருக்குப் புண் ஏன் ஆறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கோணிப்போன விரல்களை எல்லோரும் பார்த்தார்கள். அதையும் புண்ணையும் ஒருவரும் முடிச்சுப் போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

திருச்சியில் ஒரு மூட்டுவாத நிபுணரிடம் இரண்டே நாளில் நேரம் கிடைத்தது. லெஸ்டரில் இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. ஆனால் அங்கே பழைய விவரமெல்லாம் கணினியில் இருக்கும். நம் ஊரில் ஃபைல் நோயாளி கையில்தான். பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கி, 2009 சீட்டு வரை எடுத்துப் போனோம். டாக்டர் அதை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு நகத்தோரம் இருந்த கரும்புள்ளிகளைப் பார்த்தார், முழங்கை முடிச்சுகளைத் தொட்டார், கண் சிவந்து வலித்ததா என்று கேட்டார். "பாதத்தை மேலே தூக்குங்கம்மா" என்றார். இடது பாதம் எழவில்லை.

முடக்குவாதம் பல வருடம் இருந்தவர்களில் சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவரையே அழற்சி தாக்குமாம். மூட்டு வலி ஓய்ந்த பிறகுகூட வரலாம். புகைபிடிப்பவர்களுக்கும், ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ருமாட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்புப் பொருள் மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறு குழாய் அடைபட்டால் தோல் புண்ணாகும். நரம்புக்கு ரத்தம் தரும் குழாய் அடைபட்டால் பாதம் தொங்கிவிடும். செருப்பு கழன்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நரம்பு டெஸ்ட், தோல் பயாப்ஸி, சிறுநீர், ரத்தம் என்று எல்லாம் ஒரே கட்டிடத்தில் முடிந்தது. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் காசநோயும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே மருந்தைத் தொட்டார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியைக் கிளப்பிவிடும். முதலில் மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப், அப்புறம் ரிடக்ஸிமாப் 1000 மில்லிகிராம், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. இந்த மருந்து 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது. ஆனாலும் செலவு சின்னது இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு, அங்கேயும் விசாரியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மருந்தகத்துப் பெண் செய்த காரியம். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டும். தினம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, அம்மாவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டாவது ஊசி முடியும்வரை இருந்தேன். புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக மூடத் தொடங்கியிருக்கிறது. நரம்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணுக்காலுக்கு ஸ்பிளின்ட், அதாவது பாதத்தைத் தாங்கும் பட்டை கொடுத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் வீடியோவில் அம்மா முதலில் பாதத்தைத்தான் காட்டுகிறார்.