அமெரிக்க சென்சஸில் போலந்துக் குடும்பத்தைத் தேடுவது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவில் குடியேறிய போலந்துக் குடும்பத்தை சென்சஸ் பதிவுகளில் தேட உட்காரும் எவரும் முதலில் தட்டுவது குடும்பப் பெயரைத்தான். பலர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். 1900 முதல் 1950 வரையிலான ஆறு கணக்கெடுப்புகளையும் திரும்பத் திரும்பப் புரட்டிய பிறகு உறுதியாகச் சொல்லலாம்: இந்தத் தேடலில் குடும்பப் பெயரைப் போல ஏமாற்றும் துப்பு வேறில்லை. பிள்ளைகளின் பெயர் வரிசை, அவர்களுக்கிடையே உள்ள வயது வித்தியாசம், குடியிருந்த தெரு ஆகிய மூன்றும்தான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கோவால்ஸ்கி என்ற சாதாரணப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒத்த பெயர்களை ஒரே இடத்தில் சேர்க்கும் பழைய சவுண்டெக்ஸ் முறையில் முதல் எழுத்தும் மூன்று எண்களும் சேர்ந்தது ஒரு குறியீடு. போலிஷ் வழக்கப்படி நடுவில் 'டபிள்யூ' இருந்தால் கே-420. கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி 'வி' போட்டிருந்தால் கே-142. சவுண்டெக்ஸ் டபிள்யூவைக் கணக்கிலேயே எடுக்காது, வி-க்கோ 1 கொடுத்துவிடும். அதனால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் கிடப்பார். 1985இல் வந்த டெய்ச்-மோகோட்டாஃப் என்ற இன்னொரு ஒலிக் குறியீட்டு முறையில் இரண்டு எழுத்துக்கும் ஒரே எண்தான். அந்த வசதி இல்லாத தளத்தில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி, பெயரின் கடைசிக்கு நட்சத்திரக் குறி என்று போட்டுத் தேடுங்கள்.

அதிலும் சிக்காவிட்டால் குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, தாய், தந்தை, மூத்த பிள்ளை மூவரின் முதற்பெயரோடு ஊரையும் கொடுங்கள். முதற்பெயரும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். வோய்ச்செக் பத்து ஆண்டில் ஆல்பர்ட் ஆகியிருப்பார், ஸ்டனிஸ்வாஃப் ஸ்டான்லி ஆகியிருப்பார், ப்ரோனிஸ்வாவா பெர்னிஸ் ஆகியிருப்பார். இதை நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்றச் சோதனை மையமான எல்லிஸ் தீவின் அதிகாரிகள் தலையில் கட்டுவது தவறு. புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதி வந்த கப்பல் பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள்.

ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் கணக்கு இலவசம். 1950 தாள்களை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணத் தளங்களுக்குப் போவதற்கு முன் என்னென்ன தேட வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டினால் போதும். ஒரு தளம் 'டி' என்று படித்த எழுத்தை இன்னொன்று 'எல்' என்று படித்திருக்கும், ஆகவே இரண்டு அட்டவணைகளிலும் பாருங்கள். எதில் கிடைத்தாலும் மூலத் தாளின் படத்தைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

முகவரி தெரிந்தால் ஸ்டீவ் மோர்ஸின் இணையக் கருவி கணக்கெடுப்பு வட்ட எண்ணை (ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கிய பகுதியின் எண்) தந்துவிடும். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். சிகாகோ 1909இல் வீட்டு எண்களை மாற்றியது, டெட்ராய்ட் 1921இல் மாற்றியது. வேறு எண்ணைப் பார்த்ததும் குடும்பம் வீடு மாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தாள்களில் மிகவும் பிடித்தது 1900தான். பிறந்த மாதம், ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என எல்லாம் அதில் இருக்கும். 'ஏழு பெற்று நான்கு' என்று ஒரு வரியில் இருந்தால், அந்த மூன்று குழந்தைகளின் அடக்கப் பதிவு எந்த தேவாலயத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம். 1910இல் பிறந்த மாதம் கிடையாது. 1890 தாள்கள் 1921 தீ விபத்துக்குப் பின் ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போயின. 1880க்கும் 1900க்கும் நடுவிலான ஆண்டுகளுக்கு நகர டைரக்டரியும் (குடியிருப்போர் பெயர், முகவரிப் புத்தகம்) தேவாலயப் பதிவும்தான் கதி. 1940 தாளில் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருந்தால், தகவல் சொன்னது அவர்தான்.

பிறந்த நாட்டுக் கட்டம் பலரைக் குழப்பும். 1795 முதல் 1918 வரை போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டிருந்தன. எந்தப் பங்கு என்று கேட்டு எழுதும்படி 1900இல் கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவே இருந்தது. ஒரே ஆளுக்கு 1910இல் ரஷ்யா, 1930இல் போலந்து என்று இருந்தால் அது முரண்பாடு இல்லை. பழைய பதிவுகளை எங்கே, எந்த மொழியில் தேடுவது என்பதை அந்தப் பங்குதான் தீர்மானிக்கும்.

சொந்தக் கிராமத்தின் பெயரை மட்டும் சென்சஸில் எதிர்பார்க்காதீர்கள். குடியுரிமைக் கட்டத்தில் 'என்ஏ' என்றால் குடிமகன், 'பிஏ' என்றால் முதல் மனு போட்டவர், 'ஏஎல்' என்றால் அந்நியர். முதல் இரண்டில் ஒன்று இருந்தால் நீதிமன்ற மனுவைத் தேடுங்கள். 1906 செப்டம்பருக்குப் பிந்தைய மனுக்களில் பிறந்த ஊர், கப்பல், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் உண்டு. 1922 செப்டம்பர் வரை கணவன் குடிமகனானால் மனைவியும் ஆனதாகக் கணக்கு, அவளுக்குத் தனி மனு இருக்காது. வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர்களின் மனுக்களையும் பாருங்கள், பலர் அதே கிராமத்து ஆட்களாக இருப்பார்கள்.

ஊர் தெரிந்ததும் போலந்து தேவாலயப் பதிவுகளின் பெயர் அட்டவணையான கெனெடெகா தளத்துக்குப் போகலாம். பெண்களின் குடும்பப் பெயரை 'ஸ்கா' என்று முடியும்படியும் தேடுங்கள். 1868க்குப் பிறகு ரஷ்யப் பங்கின் தேவாலயப் பதிவுகள் ரஷ்ய மொழியில், இரண்டு தேதிகளோடு இருக்கும். முதலாவது அன்று ரஷ்யாவில் இருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி, இரண்டாவது இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். மாதக் கடைசியில் பிறந்தவருக்கு 1900 சென்சஸில் வேறு மாதம் இருந்தால், ஆள் மாறிவிட்டது என்று தள்ளிவிடாமல் இரண்டு தேதியையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.