புராஸ்டேட் புற்றுநோய்: கண்காணிப்பா, ஆபரேஷனா, கதிர்வீச்சா?

முழு உடல் பரிசோதனைக்குப் போன அறுபது வயதுக்காரருக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்) அளவு கூடுதலாக இருக்கிறது. பயாப்ஸி எடுக்கிறார்கள். புற்றுநோய்தான், ஆனால் புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டவில்லை என்று ரிப்போர்ட் வருகிறது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் 'உடனே எடுத்துவிடலாம்' என்கிறார்கள். மருத்துவரோ மூன்று வழி சொல்கிறார்: ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுப்பது, கதிர்வீச்சு கொடுப்பது, இப்போதைக்குச் சிகிச்சை எதுவும் தராமல் தொடர்ந்து கண்காணிப்பது. மூன்றாவதைக் கேட்டதும் பலருக்குக் கோபமே வரும். புற்றுநோயை உடம்பில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

இந்த மூன்று வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. புரொடெக்ட் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டின் ஃப்ரெடி ஹாம்டி, பிரிஸ்டலின் ஜென்னி டோனவன், கேம்பிரிட்ஜின் டேவிட் நீல் ஆகிய மூவரும் தலைமை தாங்கினார்கள். 1999 முதல் 2009 வரை, 50 வயதிலிருந்து 69 வயது வரையிலான 82,429 ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் 2,664 பேருக்கு இருந்தது. அவர்களில் 1,643 பேர், எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யச் சம்மதித்தார்கள். கண்காணிப்புக்கு 545 பேர், ஆபரேஷனுக்கு 553 பேர், கதிர்வீச்சுக்கு 545 பேர்.

தன் உயிர் சம்பந்தப்பட்ட முடிவைக் குலுக்கலுக்கு விட யார் சம்மதிப்பார் என்று தோன்றும். ஆனால் குலுக்கல் இல்லாமல் இந்த ஒப்பீடே நியாயமாக இருக்காது. வழக்கமான நடைமுறையில் இளையவர்கள், இதயம் நன்றாக இருப்பவர்கள் ஆபரேஷனுக்குப் போவார்கள். வயதானவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கதிர்வீச்சுக்குப் போவார்கள். பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்திருப்பார்கள். அது ஆபரேஷனின் பெருமையா, அவர்களின் வயதின் பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் சம்மதம் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. மருத்துவர்களும் நோயாளிகளும் பேசுவதை டோனவனின் குழு அனுமதி பெற்றுப் பதிவு செய்து கேட்டது. மூன்று வழிகளையும் மருத்துவர்கள் சமமாக எடுத்துச் சொல்லவில்லை என்பது அதில் தெரிந்தது. கண்காணிப்பு என்றால் கைவிட்டுவிடுவது என்றே பல நோயாளிகள் புரிந்துகொண்டார்கள். சொல்லும் வரிசையை மாற்றி, கண்காணிப்பில் என்னென்ன செய்வார்கள் என்பதை விளக்கிச் சொன்ன பிறகு, 30-40 சதவீதமாக இருந்த சம்மதம் 70 சதவீதத்தை எட்டியது. இது ஆராய்ச்சிக்கு மட்டுமான பாடம் இல்லை. உங்கள் மருத்துவர் மூன்று வழிகளையும் எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதே உங்கள் முடிவைப் பாதி எடுத்துவிடும்.

சரி, முடிவுக்கு வருவோம். 2023-இல் 15 வருடக் கணக்கு வெளியானது. 1,643 பேரில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். கண்காணிப்பில் 17, ஆபரேஷனில் 12, கதிர்வீச்சில் 16. சதவீதத்தில் முறையே 3.1, 2.2, 2.9. புள்ளியியல் கணக்குப்படி இவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. அதே 15 வருடத்தில் எல்லாக் காரணங்களையும் சேர்த்து இறந்தவர்கள் 356 பேர். அதாவது 311 பேர் வேறு காரணங்களால் இறந்தார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கும் குடும்பத்துக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த எண்ணைத்தான். சுரப்பிக்குள் அடங்கிய புராஸ்டேட் புற்றுநோய் மிக மெதுவாக வளர்வது. அடுத்த வாரமே ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டிய அவசரம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

ஆனால் இன்னொரு எண்ணையும் மறைக்கக் கூடாது. புற்றுநோய் சுரப்பியைத் தாண்டிப் பரவியது கண்காணிப்பில் 51 பேருக்கு. ஆபரேஷனில் 26, கதிர்வீச்சில் 27. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீண்ட கால ஹார்மோன் சிகிச்சை (ஆண் ஹார்மோனை அடக்குவது) தேவைப்பட்டவர்கள் கண்காணிப்பில் 69; ஆபரேஷனில் 40, கதிர்வீச்சில் 42. பரவல் இரட்டிப்பாகியும் மரணம் கூடவில்லை என்றால், பரவிய பிறகும் பல வருடம் கட்டுப்படுத்தி வைக்கும் மருந்துகள் வந்துவிட்டதும் ஒரு காரணம் என்று நினைக்க இடமுண்டு. இருந்தாலும் ஹார்மோன் ஊசியோடு வாழ்வது லேசான காரியமில்லை. உடம்பு திடீர் திடீரென்று சூடாகி வியர்க்கும், எலும்பு பலவீனமாகும், தசை கரையும், சோர்வு விடாது. 'மரணத்தில் வித்தியாசமில்லை, எனவே எல்லாம் ஒன்றுதான்' என்று முடிப்பவர்கள் இந்த 51 பேரைக் கணக்கில் எடுக்காமல் பேசுகிறார்கள்.

இங்கே ஆய்வின் காலத்தையும் பார்க்க வேண்டும். அன்றைய கண்காணிப்பு பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைதான். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்ப்பார்கள். ஒரு வருடத்துக்குள் 50 சதவீதம் ஏறினால் கூப்பிட்டு மறுபரிசீலனை செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வழக்கத்தில் இல்லை, குறிப்பிட்ட இடைவெளியில் மறு பயாப்ஸியும் இல்லை. இன்று முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைப் பார்த்து பயாப்ஸி ஊசி செலுத்துகிறார்கள். பிறகும் ஸ்கேனும் பயாப்ஸியும் தொடர்கின்றன. அன்று மிதமான, தீவிரமான வகைகளும் 'சும்மா கண்காணிக்கலாம்' என்ற குழுவில் கலந்திருந்தன. அப்படிப்பட்டவர்களை இன்று முன்கூட்டியே பிரித்துவிட முடியும். எனவே பரவல் எண்ணிக்கை இன்றைய கண்காணிப்பில் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது.

கண்காணிப்பு என்றால் கடைசி வரை சிகிச்சையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். அந்தக் குழுவில் ஏறக்குறைய 61 சதவீதம் பேர் 15 வருடத்துக்குள் ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்துகொண்டார்கள். 133 பேர், அதாவது நான்கில் ஒருவர், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் 15 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களுக்கும், சிகிச்சையின் தொல்லைகள் இல்லாத சில வருடங்கள் கிடைத்தன. புற்றுநோயோடு வாழும் மன உளைச்சல் தாங்காது என்பார்கள். பதற்றம், மனச்சோர்வு பற்றிக் கேட்டபோது மூன்று குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆபரேஷன் எங்கே தொல்லை தருகிறது என்பதை உடற்கூறு சொல்லிவிடும். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. அதை எடுத்ததும் சிறுநீர்ப்பையின் வாயையும் குழாயையும் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் ஆறும் வரை ஒன்றிரண்டு வாரம் டியூப் இருக்கும். டியூபை எடுத்த அன்றே சிறுநீர் கட்டுக்குள் நிற்காது. இருமினால், எழுந்தால், பேரனைத் தூக்கினால் கசியும். இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். புரொடெக்ட்டில் 6 மாதம் கழித்து ஆபரேஷன் குழுவில் 46 சதவீதம் பேர் பேட் வைத்திருந்தார்கள். கண்காணிப்பில் 4, கதிர்வீச்சில் 5 சதவீதம். 7 முதல் 12 வருடம் வரை பார்த்தாலும் ஆபரேஷன் குழுவில் 18 முதல் 24 சதவீதம் பேருக்கு பேட் தேவைப்பட்டது.

விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பேட்ரிக் வால்ஷ் 1982-இல் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. உடலுறவுக்குப் போதுமான விறைப்பு 6 மாதத்தில் ஆபரேஷன் குழுவில் 12 சதவீதம் பேருக்கும், கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52 சதவீதம் பேருக்கும் இருந்தது. 7 வருடத்தில் அது 18, 27, 30. 12 வருடத்தில் மூன்றும் கீழே வந்து ஒன்றாகிவிட்டன. வயதும், இடையில் எடுத்துக்கொண்ட சிகிச்சையும் வேலையைக் காட்டிவிடுகின்றன. நம் ஊரில் இதைப் பற்றி மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் வாய் திறப்பதில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பேசுவது? மகனை வெளியே அனுப்பிவிட்டாவது, மனைவியை வைத்துக்கொண்டு பேச வேண்டிய விஷயம் இது.

ரோபோ இருந்தால் இதெல்லாம் வராது என்று விளம்பரங்கள் நம்ப வைக்கின்றன. திறந்த முறையையும் ரோபோ முறையையும் குலுக்கல் வழியில் ஒப்பிட்ட ஆய்வு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்தது. ரத்த இழப்பு ரோபோவில் குறைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் விறைப்பிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கருவியைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம்.

ஆபரேஷனுக்கு உள்ள நிஜமான சாதகங்கள் வேறு. எடுத்த சுரப்பி முழுவதும் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. பயாப்ஸி ஊசி எட்டிப்பார்த்த சில இழைகளுக்குப் பதில், முழுச் சுரப்பியையும் துண்டு போட்டு நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோயின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண்ணை (எண் கூடக் கூட வீரியம் அதிகம்) உறுதி செய்கிறார்கள். பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அது மறுபடி ஏறினால் சீக்கிரமே தெரியும், அப்போது கதிர்வீச்சு கொடுக்கலாம். மாறாக, கதிர்வீச்சுக்குப் பிறகு ஆபரேஷன் செய்வது மிகவும் கடினம். ஏற்கெனவே சுரப்பி வீங்கி சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவருக்கு ஆபரேஷன் இரண்டு பிரச்சினையையும் சேர்த்தே தீர்க்கும். 12 வருடத்தில், இரவில் குறைந்தது இரண்டு தடவையாவது எழுந்து போக வேண்டியிருந்தவர்கள் ஆபரேஷன் குழுவில் 34 சதவீதம். மற்ற இரண்டிலும் 47, 48.

கதிர்வீச்சில் கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. புரொடெக்ட்டில் முதலில் 3 முதல் 6 மாதம் ஹார்மோன் சிகிச்சை. அப்புறம் 74 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 37 தடவையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். தினமும் போக வேண்டும். சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறையும் வரை காத்திருந்து, மலக்குடல் காலியாக இருக்கும் நிலையில் படுக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் சுரப்பி நகர்ந்து கதிர் குடலில் படும். இதன் பலவீனம் அங்கேதான். 12 வருடத்தில் கதிர்வீச்சுக் குழுவில் 12 சதவீதம் பேருக்கு மலக் கசிவு இருந்தது, மற்ற குழுக்களில் 6. குடல் அழற்சி நோய் இருப்பவர்கள் இதில் யோசித்தே இறங்க வேண்டும்.

தொழில்நுட்பம் இதில் வேகமாக மாறியிருக்கிறது. பிரிட்டன் தலைமையில் நடந்த பேஸ்-பி ஆய்வில், பல வாரக் கதிர்வீச்சை 5 தடவையில் முடிப்பதோடு ஒப்பிட்டார்கள். 5 வருடம் கழித்து நோய் திரும்பாதவர்கள் 5 தடவைக் குழுவில் 95.8 சதவீதம், வழக்கமான குழுவில் 94.6. வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிச் சிகிச்சை எடுக்கும் குடும்பங்களுக்கு 37 நாளுக்கும் 5 நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

இந்த எண்கள் யாருக்குப் பொருந்தாது என்பதும் முக்கியம். ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்தில் 1989 முதல் 1999 வரை 695 பேரைச் சேர்த்து நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் ஆபரேஷன் தெளிவாக ஜெயித்தது. 23 வருடக் கணக்கில் சராசரியாக 2.9 வருட ஆயுள் கூடியது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் பி.எஸ்.ஏ. பரிசோதனையில் அகப்பட்டதில்லை. எதிர்த்தரப்பும் இன்றைய கண்காணிப்பு இல்லை; தொல்லை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட குழு. புரொடெக்ட்டில் 77 சதவீதம் பேருக்கு கிளீசன் 6, அதாவது மென்மையான வகை. சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். இந்தியாவில் இதற்கென்று ஒழுங்கான பரிசோதனைத் திட்டம் கிடையாது. சிறுநீர் அடைத்து, முதுகெலும்பு வலித்து, நோய் எலும்புக்குப் போன பிறகு வருபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த மூன்று வழிக் கேள்வியே எழாது.

ஆரம்பத்திலேயே அகப்பட்டவர்களுக்கு என் கருத்து இதுதான். கிளீசன் 6, எம்.ஆர்.ஐ.யில் பெரிய கட்டி இல்லை என்றால், பரிசோதனைக்குத் தவறாமல் வரக்கூடியவருக்குத் தயக்கமில்லாமல் கண்காணிப்பு. பணமும் தூரமும் தடுத்து, இரண்டு வருடத்தில் வருவதை நிறுத்திவிடுவார் என்றால் அது கண்காணிப்பே இல்லை. அவருக்குச் சிகிச்சை நல்லது. கிளீசன் 7, வயது ஐம்பதுகளில் இருக்கிறது, இன்னும் முப்பது வருடம் வாழப்போகிறவர் என்றால் பரவல் எண்ணிக்கைக்கு எடை கொடுப்பேன். 15 வருடக் கணக்கு அவருக்குப் பாதி வழிதான். எழுபதைத் தாண்டி, இதயக் கோளாறும் இருந்து, சிகிச்சை தேவைப்படுகிறவருக்குக் கதிர்வீச்சு.

பயாப்ஸி செய்பவர் சிறுநீரக அறுவை மருத்துவர் என்பதால், முதலில் காதில் விழுவது பெரும்பாலும் ஆபரேஷன்தான். பயாப்ஸி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி., பழைய பி.எஸ்.ஏ. முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, தேதி குறிக்கும் முன் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். அறுவை மருத்துவரிடம் வருடத்துக்கு எத்தனை புராஸ்டேட் எடுக்கிறார், அவருடைய நோயாளிகளில் ஒரு வருடம் கழித்து பேட் வைப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கதிர்வீச்சு மருத்துவரிடம் மலக்குடல் தொல்லை எத்தனை பேருக்கு வந்தது என்று கேளுங்கள். இரண்டு பேரிடமும், ஆறு மாதம் கண்காணித்துவிட்டு முடிவு செய்தால் எனக்கு என்ன நஷ்டம் என்றும் கேளுங்கள்.