மண்டபத்து உப்புக் காற்றில் ஒன்பது வருடம்: ஐயாவின் மணிக்கடிகாரம்

மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து வடகடலும் தென்கடலும் நடை தூரம்தான். வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற ஊர். இங்கே ஐயா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், விட்டுப்போன சுவர்க்கடிகாரத்தை ஒன்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய கடிகாரம் வீட்டில் கிடக்கிறது, அது என்ன, என்ன பெறும் என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பத்தா அதை 'லண்டன் கடிகாரம்' என்றுதான் சொல்வார். ஐயாவின் அப்பா கொழும்பில் கடைக்கணக்கு எழுதியவர். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போக்குவரத்து இருந்த காலம். அந்தக் கப்பலில் மெத்தைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார் என்பது வீட்டுக் கதை. கால் மணிக்கொருமுறை அது அடிப்பதும் லண்டன் பாராளுமன்ற மணிக்கூண்டின் மெட்டு. அப்புறம் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

மெட்டை வைத்து ஊரை முடிவு செய்யக் கூடாது என்று பின்னால்தான் தெரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் என்று பெயர் பெற்ற அந்த மெட்டே 1793-இல் கேம்பிரிட்ஜ் தேவாலயம் ஒன்றுக்காக அமைத்தது. லண்டன் மணிக்கூண்டுக்கு 1859-இல்தான் போனது. அதற்குப் பிறகு பல நாட்டுக் கம்பெனிகளும் அதைத் தங்கள் கடிகாரத்தில் வைத்தன.

இராமநாதபுரத்தில் ஒரு பெரியவர், அறுபது வருடமாகக் கடிகாரம் பழுது பார்ப்பவர், மிஷினைப் பெட்டியிலிருந்து கழற்றி முதுகுப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பித்தளைத் தகட்டில் எட்டு முனை நட்சத்திரம், நடுவில் 'ஜே' எழுத்து. ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க்கில் 1861-இல் தொடங்கிய யுங்ஹான்ஸ் கம்பெனியின் முத்திரை அது. பக்கத்தில் சின்னதாக 'பி 27'. அந்தக் கம்பெனியின் வழக்கப்படி 'ஏ' என்றால் வருடத்தின் முன்பாதி, 'பி' என்றால் பின்பாதி. ஆக, 1927-இன் பின்பாதியில் செய்த மிஷின். இன்னொன்றும் இருந்தது: தகட்டின் ஓரத்தில் ஊசியால் கீறிய '12-3-58'. பழுது பார்த்தவர் தேதியைக் கீறிவைப்பது அந்தத் தொழிலில் வழக்கமாம். 'யாரோ நல்லாப் பாத்திருக்காரு தம்பி' என்று சொல்லி அந்தக் கீறலை விரலால் தடவினார். இது எல்லாக் கடிகாரத்துக்கும் பொருந்தும்: டயலில் பெயர் இல்லாவிட்டாலும் முதுகைப் பாருங்கள். குறுக்காக இரண்டு அம்பு இருந்தால் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி. கிரீடமும் நங்கூரமும் 'ஜி.பி.'யும் இருந்தால் குஸ்தாவ் பெக்கர் கம்பெனி.

டயலில் சாவித்துளைகளையும் எண்ணுங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் மணி மட்டும் அடிக்கிற ரகம். எங்களுடையதில் மூன்று: நடுவில் நேரத்துக்கு, இடது மணிக்கு, வலது மெட்டுக்கு. வலதுபக்கம்தான் பாவம். ஒரு மணி நேரத்துக்குள் 4, 8, 12, 16 என்று 40 தட்டு, நாளைக்கு 960. மணி அடிப்பதோ நாளைக்கு 156 தட்டுதான். அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கும் அச்சும்தான் முதலில் தேயும்.

விலை விஷயம். வீடு தேடி வந்த பழைய பொருள் வியாபாரி '200 வருசத்துப் பொருள்' என்று புகழ்ந்து 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அவ்வளவு பழையதென்றால் ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் பழைய பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் படங்களோடு போனேன். அங்கே ஒரு கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். மிஷின் உட்காரும் பலகையில் ஒரே ஜோடி திருகுத் துளைதான் இருக்கிறதா என்று கேட்டார். பழைய துளை அடைத்து வேறு துளை போட்டிருந்தால் மிஷின் மாற்றியது என்று பொருள். பெண்டுலம், சாவி, கதவுக் கண்ணாடி, டயல் எல்லாம் அதனுடையதே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பெட்டியின் உச்சியில் இரண்டு குச்சித் துளை வெறுமையாக இருந்ததைக் காட்டி, 'தலைக்கட்டு போயிருச்சு' என்றார். உச்சியில் செருகுகிற அலங்காரத் துண்டைச் சொன்னார். 18,000 சொன்னார். வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தால் குறையும் என்றும் சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா தனக்கு வேண்டும் என்கிறார். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருடம் ஆன பழங்கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் வயது இங்கே வெறும் பெருமை விஷயம் இல்லை. நான் கொடுக்கப் போவதில்லை.

இனி ஓட்டிய கதை. முதல் வருடம் நானே தேங்காய் எண்ணெய் விட்டேன். ஆறு மாதத்தில் அது பச்சையாகப் பிசின் கட்டி மிஷின் நின்றது. பெரியவர் முழுவதும் பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று, 2,500 ரூபாய். கடிகார எண்ணெய் மட்டும், அதுவும் அச்சு முனையில் ஊசி நுனியளவு. தையல் மிஷின் எண்ணெய் ஓடிப் பரவிவிடும். இந்த ஊரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவுகிறேன். மெட்டுக் கம்பிகளை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கிறேன். உப்புத்தாள் போட்டால் சுருதி மாறும் என்று பெரியவர் எச்சரித்திருக்கிறார்.

நேரம் பிந்தினால் பெண்டுலத்தின் அடித் திருகை மேலே ஏற்றவேண்டும். ஏறக்குறைய 25 செ.மீ. நீளப் பெண்டுலத்தில் 1 மி.மீ. ஏற்றம் நாளைக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம் கொடுக்கும். ஆகவே கால் சுற்று, கால் சுற்றாக. பெட்டி ஒரு நூல் சாய்ந்தாலும் 'டிக்...டாக்டிக்...டாக்' என்று நொண்டும். நொண்டாத இடத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். முள்ளைப் பின்னால் திருப்புவதே இல்லை. முன்னால் நகர்த்தும்போதும் ஒவ்வொரு கால் மணியிலும் நிறுத்தி மெட்டு முடியும்வரை காத்திருப்பேன்.

நாலாவது வருடம் சத்தம் தகரம் தட்டுவதுபோல ஆகிவிட்டது. கம்பி கெட்டுவிட்டது என்று பயந்தேன். சுத்தியல் முனையிலிருந்த தோல் இறுகிக் கல்லாகியிருந்தது, அவ்வளவுதான். மெல்லிய ஆட்டுத்தோல் வெட்டி ஒட்டினார் பெரியவர். அன்றைக்கு நாலு மணிக்கு அது அடித்தபோது உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்து, முழுதும் கேட்டுவிட்டு, 'இதுதான்டா' என்றார்.

இப்போது வலதுபக்க ஸ்பிரிங் களைத்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் முக்கால் மணி மெட்டு இழுக்கிறது. புது ஸ்பிரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை, ஒரு சாவிக்கு ஓடும் எட்டு நாளும் காத்திராமல் புதனும் ஞாயிறும் சாவி கொடுக்கிறேன்.