ஜாஸ் வரலாற்றுக்குள் நுழைய எந்தப் புத்தகம், எந்தத் தொகுப்பு?

ஜாஸைப் படித்துத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் தடிமனான வரலாற்று நூல் ஒன்றை வாங்கி ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் தொடங்கி அங்கேயே சுற்றுகிறார்கள். காதில் ஒலி விழாதவரை பெயர்கள் மனதில் தங்காது. எதற்கு அடுத்து எது வந்தது என்று தெரியாதவரை கேட்டதெல்லாம் உதிரியாகவே கிடக்கும். அதனால் புத்தகத்தையும் பதிவையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பதிவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இரண்டு பொது வரலாறுகள்

முதல் போட்டி டெட் ஜோயாவின் 'தி ஹிஸ்டரி ஆஃப் ஜாஸ்' (1997; திருத்திய பதிப்புகள் 2011, 2021) நூலுக்கும், கேரி கிடின்ஸ், ஸ்காட் டிவோ இருவரும் எழுதிய 'ஜாஸ்' (2009) என்ற பாடநூலுக்கும். ஜோயாவின் நூலில் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே குரல். நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, கான்சாஸ் சிட்டி, ஹார்லெம் என்று ஊர் ஊராக நகர்ந்து, அங்கே இசைக்கலைஞர்கள் எப்படிப் பிழைத்தார்கள், யார் கூலி கொடுத்தார்கள் என்பதையும் சொல்கிறது. படிப்பதற்கு இதுதான் சுகம். ஆனால் ஒரு பதிவை விவரிக்கும்போது அதன் எந்த நொடியைக் கேட்க வேண்டும் என்று இது காட்டுவதில்லை. இசைத்தட்டைத் தேடிப்பிடிப்பதும் அதற்குள் வழி கண்டுபிடிப்பதும் வாசகர் பொறுப்பு.

கிடின்ஸ்–டிவோ நூலில் நடை கொஞ்சம் வகுப்பறைத்தனம்தான். ஆனால் முக்கியமான பதிவுகளுக்கெல்லாம் நிமிடம், நொடி வாரியாகக் கேட்கும் குறிப்பு உண்டு. எத்தனையாவது நொடியில் எந்தச் சுற்று தொடங்குகிறது, எந்த வாத்தியம் முன்னே வருகிறது என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு இதுதான் வேண்டும். ஜோயாவை அதற்குப் பிறகு எடுங்கள். அதற்குள் நூறு பதிவாவது காதில் ஏறியிருக்கும். அவர் சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் ஒலி உங்களிடம் இருக்கும். 2011 பதிப்பு பழைய விலைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டுக்கு அது தாராளம்.

குன்தர் ஷுல்லரின் 'ஏர்லி ஜாஸ்' (1968), 'தி ஸ்விங் எரா' (1989) இரண்டும் வேறு ரகம். மேற்கத்திய இசைக்குறியீடு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அவற்றுக்கு ஈடு இல்லை. தெரியாதவர்களுக்குப் பாதிப் பக்கம் பயன்படாது.

குறிப்போடு கேட்பது எப்படி

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காகப் பதிந்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பயிற்சிக்கு ஏற்ற பதிவு. மொத்தமே மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

தொடக்கத்தில் டிரம்பெட் மட்டும் தனியாக ஒலிக்கும். அங்கே தாளக்கட்டு கிடையாது, எண்ணத் தொடங்காதீர்கள். புதிதாகக் கேட்பவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். சுமார் 15 நொடியில் குழு முழுவதும் சேரும். அங்கிருந்து நான்கு எண்ணிக்கையை ஒரு பாராக வைத்துப் 12 பார் எண்ணுங்கள். அதுதான் ஒரு கோரஸ். நம் தாள ஆவர்த்தனம் போல அதே சட்டகம் திரும்பத் திரும்ப வரும், அதன் மேல்தான் மனோதர்மம். ஒரு சுற்றுக்குச் சுமார் 35 நொடி. முதல் சுற்றில் ஆர்ம்ஸ்ட்ராங் மெட்டை வாசிக்கிறார். இரண்டாவதில் ஃப்ரெட் ராபின்சனின் டிராம்போன். மூன்றாவதில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆர்ம்ஸ்ட்ராங் சொல்லில்லாமல் பாடிப் பதில் தருகிறார். நான்காவது ஏர்ல் ஹைன்ஸின் தனிப் பியானோ. ஐந்தாவதில், இரண்டரை நிமிடம் தாண்டியதும், ஆர்ம்ஸ்ட்ராங் ஒரே உச்ச ஸ்வரத்தை ஏறக்குறைய நான்கு பாருக்கு விடாமல் பிடித்துவிட்டு, அதிலிருந்து உடைந்து கீழே பாய்கிறார்.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை எந்தக் குறிப்பும் வேண்டாம். இரண்டாவது முறை விரல் மடக்கிப் பார் எண்ணிக்கொண்டு. மூன்றாவது முறை ஹைன்ஸின் பியானோவை மட்டும், அது பின்னால் நிற்கும் இடங்களிலும் விடாமல் தொடருங்கள். இப்படிக் கேட்ட பத்துப் பதிவு, பின்னணியில் ஓடவிட்ட நூறு ஆல்பத்தை விட அதிகம் கற்றுத்தரும். இதே பாட்டை கிங் ஆலிவரும் அதே மாதம் பதிந்திருக்கிறார். தேடும்போது ஆண்டை மட்டும் பார்க்காமல் பெயரையும் பாருங்கள்.

தொகுப்புகள்: 1973-உம் 2011-உம்

மார்ட்டின் வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனம் 1973-இல் வெளியிட்ட 'ஸ்மித்சோனியன் கலெக்‌ஷன் ஆஃப் கிளாசிக் ஜாஸ்' ஆறு எல்.பி. கொண்டது, 1987-இல் திருத்தப்பட்டது. 2011-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ஜாஸ்: தி ஸ்மித்சோனியன் ஆந்தாலஜி'யில் ஆறு சி.டி.யில் 111 பதிவுகள், கூடவே 200 பக்கப் புத்தகம்.

புதியது பரப்பில் ஜெயிக்கிறது. லத்தீன் ஜாஸ், ராக்கோடு கலந்த ஃப்யூஷன், ஐரோப்பியர்கள் என்று 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வருகிறது. அந்தப் பரப்புக்கு ஒரு விலை உண்டு: பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு பதிவுதான். பழையது ஒருவர் தேர்ந்தது. பிடித்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார், பலரை விட்டுவிட்டார். 1973 பதிப்பு 1960-களின் சாக்ஸபோன் கலைஞர்கள் ஆர்னெட் கோல்மன், ஜான் கோல்ட்ரேன் அளவில் நின்றுவிடுகிறது. ஆனாலும் காதைப் பழக்க அதுவே மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1947-இல் டயல் நிறுவனத்துக்காக வாசித்த 'எம்ப்ரேசபிள் யூ'வின் இரண்டு டேக்குகளை, அதாவது ஒரே பாட்டைத் தனித்தனியாக வாசித்துப் பதிந்த இரண்டு முயற்சிகளை, அடுத்தடுத்து வைத்திருக்கிறார் வில்லியம்ஸ். ஒரே நாள், ஒரே பாட்டு, ஒரே குழு. சோலோ மட்டும் முற்றிலும் வேறு. எழுதிவைத்து வாசிப்பதற்கும் அந்தக் கணத்தில் பிறப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே விளங்கிவிடும். கடையில் இப்போது கிடைக்காது; பழைய தட்டு விற்பவர்களிடம் தேட வேண்டும். கிடைக்காதவர்கள் 2011 தொகுப்பை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு டேக்குகளையும் தனியாகத் தேடிக் கேட்கலாம்.

கென் பர்ன்ஸ் எடுத்த பத்துப் பாகத் தொலைக்காட்சித் தொடர் (2001) மூன்றாவது வழி. பழைய படச்சுருளும் முகங்களும் அங்கேதான் அதிகம். ஆனால் 1961 வரையிலான கதைக்கு ஒன்பது பாகம், அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுக்கு ஒரே ஒரு பாகம். பேச்சுக்கு நடுவே பாட்டு அறுபட்டுப் போகிறது. முழுதாக ஒரு சோலோ கேட்பது அரிது. தொடரின் முதல் ஐந்தாறு பாகம் பாருங்கள். அதை வைத்துப் பிந்தைய காலத்தை எடைபோட வேண்டாம்.

பதிவு எதைச் சொல்லாது

இசைத்தட்டு மட்டுமே போதும் என்பவர்களுக்கு மூன்று ஓட்டைகளைக் காட்டலாம். முதலாவது, தொடக்கமே இல்லை. நியூ ஆர்லியன்ஸில் ஜாஸுக்கு வழிபோட்டவராகச் சொல்லப்படும் கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் 1907-இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் வாசித்த பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-இல் வந்தது. வாசித்தது ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு.

இரண்டாவது, கருவியின் வரம்பு. கிங் ஆலிவர் குழு 1923-இல் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் பதிந்தபோது மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழலுக்கு முன்னால் நின்று வாசித்தார்கள். டிரம் அதிர்ந்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைதான் தட்டினார். 'அந்தக் காலத்தில் டிரம்முக்கு வேலையே இல்லை' என்று அதைக் கேட்டு முடிவுகட்டுவது தவறு. பத்து அங்குல 78 தட்டில் மூன்று நிமிடம்தான் அடங்கும் என்பதும் அப்படித்தான். நடன அரங்கில் டியூக் எலிங்டன் குழு எப்படி வாசித்தது என்று தெரிய, 1940 நவம்பர் 7 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் இரண்டு இளைஞர்கள் கையோடு கொண்டுபோன கருவியில் பதிந்ததை, அதே ஆண்டு ஸ்டுடியோப் பதிவுகளோடு வைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது, இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவுத் தடை. 1942 ஆகஸ்டில் தொடங்கிய அது பெரிய நிறுவனங்களில் 1944 நவம்பர்வரை நீடித்தது. பார்க்கரும் கூட்டாளிகளும் வளர்த்த புதுப் பாணியான பீபாப் உருவான காலம் அதுவேதான். 1942-ஐயும் 1945-ஐயும் அடுத்தடுத்துக் கேட்டால் பார்க்கர் வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றும். இடைப்பட்ட படிகளைப் புத்தகம்தான் காட்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 'கோ-கோ' என்ற பெயரில் எலிங்டன் 1940-இல் பதிந்ததும் பார்க்கர் 1945-இல் பதிந்ததும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பார்க்கருடையது 'செரோக்கி' பாட்டின் ஸ்வர அடுக்கின் மேல் கட்டியது.

சுயசரிதையா, ஆய்வு வரலாறா

புத்தகமும் பொய் சொல்லும். ஆர்ம்ஸ்ட்ராங் தம் பிறந்த நாளை 1900 ஜூலை 4 என்றே சொல்லிவந்தார். தேவாலய ஞானஸ்நானப் பதிவு 1980-களில் கிடைத்த பிறகுதான் அது 1901 ஆகஸ்ட் 4 என்று தெரிந்தது. பழைய நூல்களில் தவறான தேதியே இருக்கும். பில்லி ஹாலிடே பெயரில் வில்லியம் டஃப்டி எழுதிய 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்' (1956) பெற்றோர் திருமணம் செய்துகொண்டதாகத் தொடங்குகிறது. அப்படி ஒரு திருமணமே நடக்கவில்லை. போல்டன் முடிதிருத்துபவர், பத்திரிகை நடத்தினார் என்ற கதைகள் பல ஆண்டு அச்சில் உலவின. டொனால்ட் மார்க்விஸ் 1978-இல் ஆவணங்களைத் தோண்டி அவற்றைத் தள்ளினார்.

அதற்காகச் சுயசரிதைகளை ஒதுக்கிவிட வேண்டாம். ஒருவர் தம்மை எப்படிப் பார்த்தார் என்பது அங்கே மட்டுமே கிடைக்கும். தேதிக்கும் இடத்துக்கும் ஆய்வு வரலாறு, குரலுக்குச் சுயசரிதை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கைப் பற்றி ராபின் கெல்லி எழுதியது (2009) ஆய்வு வகையில் முதல் வரிசை. நேர்ப்பேச்சு வகையில் ஷாப்பிரோ, ஹென்டாஃப் தொகுத்த 'ஹியர் மி டாக்கின் டு யா' (1955) எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் படிக்கலாம்; கலைஞர்களின் பேச்சுத் துண்டுகளே நூல் முழுக்க. பேச்சையும் வாசிப்பையும் ஒரே இடத்தில் வேண்டுவோருக்கு ஜெல்லி ரோல் மார்ட்டன் இருக்கிறார். 1938-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஆலன் லோமாக்ஸ் அவரைப் பியானோ முன் உட்காரவைத்துப் பேசவும் வாசிக்கவும் விட்டுப் பதிந்தார். அது 1950-இல் புத்தகமாகவும் 2005-இல் எட்டு சி.டி. பெட்டியாகவும் வந்தது. ஜாஸைக் கண்டுபிடித்ததே தாம்தான் என்கிறார் மார்ட்டன். அதை நம்ப வேண்டியதில்லை. அவர் விரல் காட்டும் சாட்சியத்தை நம்பலாம்.

எந்த மறுவெளியீடு

ஒரே இசை, வேறு வேறு ஒலி. ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களின் பதிவுகளுக்கு ஜே.எஸ்.பி. நிறுவனத்தின் நான்கு சி.டி. பெட்டி நல்லது. ஜான் ஆர். டி. டேவிஸ் மாற்றியது, தட்டின் உரசலை முழுதாகத் துடைக்காமல் வாத்தியங்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். உரசலே இல்லாத மலிவுத் தொகுப்புகளில் உச்ச ஒலிகளையும் சேர்த்து அறுத்திருப்பார்கள். கிளாரினெட் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும்.

'முழுத் தொகுப்பு' என்ற பெட்டிகளிடம் தொடக்கத்தில் போகாதீர்கள். சவாய், டயல் நிறுவனங்களுக்காகப் பார்க்கர் பதிந்தவற்றை அப்படி வாங்கினால் ஒரே பாட்டின் பாதியில் நின்ற முயற்சிகள் உட்பட வரிசையாக வந்து சலிப்பேற்றும். இறுதி டேக்குகள் மட்டும் உள்ள வெளியீடு போதும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 1959 மார்ச் 2 அன்று பதிந்த முதல் மூன்று பாட்டும், அன்று டேப் கருவி மெதுவாக ஓடியதால், பழைய வெளியீடுகளில் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கும். 1992-இல்தான் சரிசெய்தார்கள். சோதிக்க ஒரு கீபோர்டு போதும். முதல் பாட்டான 'ஸோ வாட்' 16 பார் டி-யை ஆதாரமாகக் கொண்டது, கரகரப்பிரியாவின் அதே ஸ்வரங்கள். பிறகு 8 பாருக்குச் சட்ஜமே ஒரு ஸ்வரஸ்தானம் மேலே போய், கடைசி 8 பாருக்குத் திரும்பும். டி-யை அழுத்தினால் இடிக்கிறதா? பழைய டேப்.

எலிங்டனின் 1956 நியூபோர்ட் கச்சேரியில் வித்தியாசம் இன்னும் பெரியது. முதலில் வந்த எல்.பி.யில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. சாக்ஸபோன் கலைஞர் பால் கொன்சால்வஸ் 27 கோரஸ் வாசித்த அந்தப் புகழ்பெற்ற சோலோவும் மங்கலாகத்தான் கேட்கும். அவர் வேறு மைக்கைப் பார்த்து வாசித்துவிட்டார். அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக். 1999 வெளியீடு அந்த வானொலி டேப்பையும் சேர்த்துக் கட்டியது. அதையே வாங்குங்கள்.

இணையச் செயலிகளில் கேட்பவர்களுக்குப் பெரிய சிக்கல் ஆண்டுதான். அங்கே தெரிவது பல நேரம் மறுவெளியீட்டு ஆண்டு. மங்க்கும் கோல்ட்ரேனும் 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்த டேப் 2005-இல்தான் கண்டெடுக்கப்பட்டு வெளியானது. ஆண்டை நம்பி அடுக்கினால் கோல்ட்ரேன் இறந்து 38 ஆண்டு கழித்த இடத்தில் அது போய் உட்காரும். வாசித்தவர்கள் பட்டியலும் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் பதிந்த தேதி, ஊர், யார் எந்த வாத்தியம் என்ற மூன்றையும் ஒரு டிஸ்காகிரஃபியில் (இசைப் பதிவுகளின் விவரப் பட்டியல்) பார்த்து நோட்டில் எழுதிவைத்து, அந்தத் தேதி வரிசையில் பாட்டுகளை அடுக்கிக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் கூடுதல் டேக்குகளை அந்த வரிசையிலிருந்து நீக்கிவிடுங்கள்.