சவுண்ட் கார்டும் மெமரியும்: வில்லுப்பாட்டுப் பதிவில் 9 ஆண்டுகள்

செங்கோட்டையில் என் வீட்டு மாடியறைதான் பதிவுக்கூடம். சுற்றுவட்டார வில்லுப்பாட்டுக் குழுக்களைப் பதிவு செய்கிறேன். முதல் 4 ஆண்டுகள் டெஸ்க்டாப்பில் ஒரு பழைய பிசிஐ சவுண்ட் கார்டு, அதாவது கணினிக்குள்ளேயே செருகும் ஒலி அட்டை. அடுத்த 5 ஆண்டுகளாக லேப்டாப்பும் யூஎஸ்பி ஆடியோ பெட்டியும். இரண்டிலும் லினக்ஸ், அதில் ஒலிக்கருவிகளை இயக்கும் ஆல்சா டிரைவர்.

பிசிஐ கார்டு இருந்தவரை உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கத் தேவையே வரவில்லை. டிரைவர் ரேமில் ஓர் இடத்தை ஒதுக்கி, முகவரியைக் கார்டிடம் சொல்லிவிடும். அப்புறம் கார்டே டிஎம்ஏ வழியாக, அதாவது பிராசஸர் இடையில் வராமல், ஒலியை நேராக அங்கே எழுதும். ஒவ்வொரு சாம்பிளையும், அதாவது ஒலியின் ஒவ்வொரு அளவீட்டையும், பிராசஸர் சுமக்க வேண்டாம். அந்த இடம் கொடைவிழா ராட்டினம் மாதிரி. கடைசிப் பெட்டி நிரம்பியதும் முதல் பெட்டி திரும்ப வந்து நிற்கும். ரிங் பஃபர் என்பது இதைத்தான். ஒரு பங்கு, அதாவது ஒரு பீரியட், நிரம்பியதும் கார்டு இன்டரப்ட் கொடுக்கும், அதாவது பிராசஸரைக் கூப்பிடும். பதிவு மென்பொருள் வந்து அள்ளிக்கொள்ளும். அள்ளுவதற்குள் ராட்டினம் ஒரு சுற்று வந்துவிட்டால் அந்த ஒலி போனதுதான். அதற்குப் பெயர் எக்ஸ்ரன். காதில் 'டிக்' என்று விழும்.

யூஎஸ்பி பெட்டியால் ரேமை நேரடியாகத் தொட முடியாது. லேப்டாப்பின் யூஎஸ்பி கன்ட்ரோலர் டிஎம்ஏ செய்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாக இறக்கும். டிரைவர் அவற்றைப் பிரித்து ரிங் பஃபருக்கு இன்னொரு முறை நகலெடுக்க வேண்டும். சுமை பெரிதல்ல. 48,000 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு அத்தனை சாம்பிள்), 2 சேனல், சாம்பிளுக்கு 4 பைட் என்றால் செகண்டுக்கு 3,84,000 பைட்தான். நேரத்துக்கு வந்து எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அது எனக்குப் புரிந்தது ஓர் உடுக்கைக்காரர் அண்ணாச்சியால். பீரியட் 1024 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சாம்பிள்), மொத்தம் 3 பீரியட் என்று வைத்திருந்தேன். ஒரு முழுச் சுற்றுக்கு 64 மில்லிசெகண்ட். ஹெட்போனை மாட்டி நாலு அடி அடித்தவர் கையை நிறுத்திவிட்டார். “தம்பி, நான் அடிச்சு முடிச்ச பொறவுல்லா கேக்கு!” குடமும் ஜால்ராவும் சேர்ந்து தடுமாறின. பெட்டியிலேயே நேரடி மானிட்டர் வசதி, அதாவது ஒலி லேப்டாப்பைச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வரும் வசதி, இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, என்னுடையதில் இல்லை.

128-க்கு இறக்கினேன். சுற்று 8 மில்லிசெகண்ட் ஆனது. அண்ணாச்சிக்குத் திருப்தி, ஆனால் பதிவில் டிக், டிக். இரண்டு மாதம் கேபிளையும் பெட்டியையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் வைஃபையை அணைத்ததும் பாதிக்கு மேல் நின்றது. அதன் டிரைவர் பிராசஸரைப் பிடித்துவைத்த நேரத்தில் ஒலிக்கு இடம் கிடைக்கவில்லை. மீதிக்கு, பதிவு மென்பொருளுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தேன். அதன் மெமரி டிஸ்க்குக்குப் போகாதபடி ரேமிலேயே பூட்டினேன். பிராசஸர் வேகத்தையும் குறையாமல் நிறுத்தி வைத்தேன்.

புதிதாக வாங்குபவர்கள் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் கணினியில் 128 ஃப்ரேமில் ஒரு மணி நேரம் எக்ஸ்ரன் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மிக்ஸிங் செய்யும்போது நான் திரும்ப 1024-க்குப் போய்விடுவேன், அங்கே தாமதம் யாரையும் உறுத்தாது.

இப்போது குழு வந்து உட்கார்ந்ததும் முதலில் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுகிறேன். எக்ஸ்ரன் கணக்கு 0-வில் நின்றால்தான் அண்ணாச்சிக்குக் கை காட்டுவேன்.