ஆணுக்கா, பெண்ணுக்கா பாரம் அதிகம்? டர்பன் வரலாற்று உலா: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்டு 9 மகளிர் நாள். 1956ஆம் ஆண்டு அந்நாளில், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடங்களை நோக்கி அணிவகுத்துச் சென்றனர். அந்த மாதத்தையொட்டி, டர்பன் நகரில் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு சிறு சுற்றுலா நிறுவனம் ‘வாழ்க்கை யாருக்குக் கடினம், ஆணுக்கா பெண்ணுக்கா?’ என்னும் தலைப்பில் ஒருநாள் வரலாற்று உலாவை நடத்துகிறது. எங்கள் தமிழ் வகுப்பைச் சேர்ந்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் தாத்தா, ஆயாமார்களும் அதில் கலந்துகொண்டோம். பட்டிமன்றங்களில் கைதட்டலுக்காகவே பேசித் தேய்ந்துபோன இக்கேள்வியை, கூலி, வரி, சிறை ஆகியவற்றின் அருகில் வைத்துக் கேட்க முடியும் என்று காட்டியதற்காகவே இந்நிறுவனத்தை நான் முதலில் பாராட்ட வேண்டும்.

சிற்றுந்து புறப்பட்டவுடன் வழிகாட்டி எல்லோரையும் கைதூக்கி விடை சொல்லச் சொல்கிறார். மாலையில் திரும்பும்போது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கிறார். இடையில் பார்த்தவையும் கேட்டவையும் கருத்தை மாற்றினவா என்று அறிவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கணவன் அருகில் மனைவியும், மாமியாருக்கு எதிர் இருக்கையில் மருமகளும் அமர்ந்திருக்கும் வண்டியில் தூக்கப்படும் கை, மனத்திலுள்ளதைச் சொல்லும் என்று நம்ப முடியாது. ‘பெண்ணுக்குத்தான்’ என்று முதலில் கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். திருமணமான பெண்களில் பலர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ‘இருவருக்கும் ஒன்றே’ என்ற பக்கம் சேர்ந்தனர். பொதுமக்கள் கருத்து என்று நாம் எண்ணுவது பல நேரங்களில் அருகிலிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படும் விடையாகவே இருக்கிறது. எழுதி மடித்துப் பெட்டியில் போடும் சீட்டாக இதை மாற்றினால் இந்த உலாவின் பயன் பல மடங்கு கூடும்.

துறைமுகத்தை நோக்கிய முதல் நிறுத்தம் சிறப்பாக அமைந்திருந்தது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிவந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டம் முதலியவற்றில் குறித்த ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தம் செய்து, 1911 வரை இவ்வாறு வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,000 பேருக்கும் மேல். அவர்களில் ஆண்களே மிகுதி. பெண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். வழிகாட்டி இவ்வெண்களைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், முதலாம் ஆண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங் கூலி என்றும், பெண்ணுக்கு அதில் பாதிதான் என்றும், அவளுக்கு அளக்கப்பட்ட உணவுப் படியும் குறைவு என்றும் விளக்கினார். பெண்கள் குறைவாக இருந்த குடியிருப்பு வரிசைகளில் ஒரு பெண் எவ்வளவு அச்சத்தோடு வாழ்ந்திருப்பாள் என்பதையும், ஊரில் குடும்பத்தை விட்டுத் தனியே வந்த ஆண் எவ்வளவு வெறுமையில் கிடந்திருப்பான் என்பதையும் அவர் ஒரே மூச்சில் பேசினார். ஒப்பந்தக் கூலிகளின் தற்கொலைகள், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் ஆண்டறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளன என்று அவர் சொன்னபோது வண்டியில் யாரும் பேசவில்லை.

அடுத்து வந்த மூன்று பவுண்டு வரியின் வரலாறுதான் இந்த உலாவின் உயிர் என்பேன். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும், டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியில் தங்கியவர்கள் மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுதோறும் இவ்வரி விதிக்கப்பட்டது. பின்னர் 1903இல் பிள்ளைகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டபோது, ஆண்பிள்ளைக்கு 16 வயதிலும் பெண்பிள்ளைக்கு 13 வயதிலும் வரிப்பொறுப்பு தொடங்கியது. மூன்று பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதலாண்டுக் கூலியைக் கொண்டு கணக்கிட்டால் அது ஆணுக்கு ஆறு மாத உழைப்பு, பெண்ணுக்கோ ஓராண்டு உழைப்பு. பாதிக் கூலி கொடுத்தவர்கள் வரியைப் பாதியாக்கவில்லை, அதைக் கட்டத் தொடங்கும் வயதையும் பெண்ணுக்கே மூன்று ஆண்டு முன்தள்ளி வைத்தார்கள் என்பதை எங்கள் மாணவிகளில் ஒருத்தி தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். வழிகாட்டி அதைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கணக்கிட விட்டது நல்ல ஆசிரியரின் செயல்.

டர்பனுக்கு அருகே காந்தி நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பில், இவ்வரியையும் பிற அநீதிகளையும் எதிர்த்து அவர் தலைமையில் 1913ஆம் ஆண்டில் நடந்த போராட்டத்தை விளக்கினார்கள். கிறித்தவ முறையில் நடவாத திருமணங்கள் செல்லா என்று அவ்வாண்டு மார்ச்சில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பெண்களை நேரடியாகப் போராட்டத்துக்குள் கொண்டுவந்தது. அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தடையை மீறி எல்லை கடந்து, நேட்டாலின் நிலக்கரி நகரான நியூகாசிலுக்குச் சென்ற பெண்களில் தமிழரே மிகுதி. அவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர், சிறையும் சென்றனர். தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவலில் நோயுற்று, விடுதலையானபின் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்ததைத் தமிழறிந்த எல்லோரும் அறிவர். அதே போராட்டத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவலர் சுட்டதில் மாண்ட கரும்புத் தோட்டத் தொழிலாளரை அந்த அளவுக்கு யாரும் நினைப்பதில்லை. அவர்களையும் அவர்கள் விட்டுச்சென்ற மனைவி, மக்களையும் சேர்த்துப் பேசியது இந்நிறுவனத்தின் நேர்மைக்குச் சான்று. 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கித் திருமணங்களையும் ஏற்றது.

குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1914க்குப் பிறகு உலா ஒரே தாவலில் இன்றைய நாளுக்கு வந்துவிடுகிறது. இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அகற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் குடியேறிய குடும்பங்களில், ஒரு கூலி போதாமல் மகள்களும் மருமகள்களும் துணி ஆலைகளுக்கு வேலைக்குப் போன காலம் எங்கே? 1994க்குப் பின் சுங்க வரி குறைந்து இறக்குமதித் துணி பெருகியபோது அவ்வாலைகளில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தது எங்கே? சம்பளம் கொண்டுவந்த பெண்ணுக்கு அடுக்களை வேலை குறையவில்லை. வேலை போன ஆணுக்கு வீட்டில் என்ன செய்வது என்று யாரும் கற்றுத்தரவில்லை. இவ்விரண்டும் நடந்தது ஒரே கூரையின் கீழ். நாட்டின் புள்ளியியல் துறை 2010இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் செலவிடுவதைக் காட்டியது. மறுபுறம், இந்நாட்டில் ஆண்களின் சராசரி ஆயுள் பெண்களினுடையதைவிடச் சில ஆண்டுகள் குறைவு. இன்றைய நிலையைப் பேசும் பகுதியில் இவற்றில் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

அந்த இடைவெளியை எங்களுடன் வந்த முதியவர்களே நிரப்பினர். துணி ஆலையில் தைத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள், “ஆலைச் சங்கு ஊதுனா அங்க வேலை முடிஞ்சிடும் தம்பி, வீட்டுக்கு ஏது சங்கு?” என்றார். சர்க்கரை ஆலையில் உழைத்த ஒரு தாத்தா நெடுநேரம் கழித்து, “மேஸ்திரி ஏசினதை வீட்டுல யார்கிட்டச் சொல்றது? அக்காகிட்டக்கூடச் சொன்னதில்ல” என்றார். இத்தகைய பேச்சுக்கு உலாவில் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். டர்பனின் வார்விக் பகுதியிலுள்ள காலைச் சந்தையில், விடியுமுன் எழுந்து கீரையும் மிளகாயும் விற்கும் பெண்களோடு பேச முற்பட்டபோதே வண்டி கிளம்புவதாக அழைத்துவிட்டார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை.

வசதிகளைப் பற்றிச் சில சொற்கள். விளக்கம் ஆங்கிலத்தில்தான், தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று தருகிறார்கள், அதில் எழுத்துப் பிழைகள் குறைவு. மதிய உணவாகக் கொடுத்த அவரைப் பயறு ‘பனி சோ’ (bunny chow, குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் உணவு) காரமும் பதமும் சரியாக இருந்தது. புரட்டாசி நோன்பு நோற்பவர்களும் தயங்காமல் உண்ணலாம். சிற்றுந்தின் படி உயரமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடிக்க ஓர் ஆள் துணையோடு வருவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல நினைக்கும் ஆசிரியர்கள், கைதூக்கும் பகுதியைச் சீட்டெழுத்தாக மாற்றித் தருமாறு முன்பதிவின்போதே கேளுங்கள். கேட்டால் நேரத்தையும் வழித்தடத்தையும் மாற்றியமைப்பதாக நிறுவனத்தார் என்னிடம் கூறினர். சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடும்படியும் சொல்லிவையுங்கள், அப்போதுதான் விற்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.